பக்க எண் இல்லாத பொருளடக்கம்

சென்ற கல்வியாண்டில் அரபு இலக்கணப் பாடக் குறிப்புகளைத் தொகுத்து, மாணவர்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளத் தக்கதாக மின்னூல் ஒன்றை ஆக்கினோம். அரபு நூல்களின் வழக்கத்தையொட்டி அதன் இறுதியில் ஃபிஹ்ரிஸ்த் ஒன்றையும் நம் கையாலேயே தட்டச்சிட்டுச் சேர்த்தோம். வலப்புறம் தலைப்பு, இடையில் புள்ளிவரிசை, இடப்புறம் பக்க எண். நம் கணினியில் அது மிக ஒழுங்காகவே தோன்றியது. வகுப்பில் 47ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு மாணவரின் 47ஆம் பக்கத்தில் முப்ததாவும் கபரும் இருந்தன. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த மற்றொருவர் இன்னும் வினைச்சொற்களையே தாண்டவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர், எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் வழியே பாடம் கேட்பவர், வகுப்பு முடிந்தபின் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், பொருளடக்கத்தில் புள்ளி, புள்ளி என்று நெடுநேரம் கேட்கிறது. பிறகு ஓர் எண் கேட்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?” என்று வினவினார்.

அவ்வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. விடை தேடப் புகுந்தபோது, மின்னூலின் பொருளடக்கம் அச்சு நூலின் பொருளடக்கத்திலிருந்து இயல்பிலேயே வேறுபட்டது என்பதும், நம் முன்னோர் கையாண்ட ஒரு பழைய முறைக்கு அது மிக அணுக்கமானது என்பதும் புலனாயின. அதன் வரலாற்றை இயன்றவரை இங்கே பதிவு செய்கின்றோம்.

பக்க எண் என்பது நூலின் உடன்பிறப்பு அன்று. ரோம அறிஞர் பிளினி கி.பி. 77இல் தைத்தூஸுக்குக் காணிக்கையாக்கிய ‘இயற்கை வரலாறு’ 37 பகுதிகளைக் கொண்டது. அதன் முதற்பகுதி முழுவதும் பொருளடக்கமே. அலுவல் மிகுந்த தைத்தூஸ் நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, வேண்டியதை வேண்டிய இடத்தில் காணலாம் என்பதே பிளினி கூறிய காரணம். ஆயினும் அது சுருளேடுகளின் காலம். சுருளுக்குப் பக்கம் ஏது? இன்ன பொருள் இத்தனையாவது பகுதியில் உள்ளது என்பதற்கு மேல் அவரால் எதையும் சுட்ட இயலவில்லை. அதன்பின் வாசகர் சுருளை விரித்துத் தேட வேண்டியதுதான்.

ஏடுகளைத் தைத்த நூல் வந்தபின்னரும் கையெழுத்துப் படிகளில் நிலை பெரிதாக மாறவில்லை. ஒரே நூலை இருவர் படியெடுத்தால் இரண்டின் ஏடுகளும் ஒத்துவருவதில்லை. எழுத்தின் பருமன், வரிகளின் எண்ணிக்கை, தாளின் அளவு ஆகிய யாவும் வேறுபடும். ஏடுகள் வரிசை பிறழாதிருக்க, ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதி வைப்பர். அரபியில் தஃகீபா எனப்படும் அவ்வழக்கம் கட்டுவோருக்கு உதவிற்றேயன்றித் தேடுவோருக்கு உதவவில்லை. எனவே அறிஞர்கள் இடத்தைச் சுட்டியது பக்கத்தால் அன்று, பெயரால். ‘தொழுகைக் கிதாபில், இன்ன பாபில்’ என்று சொன்னால் பக்தாதில் எழுதப்பட்ட படியிலும் குர்துபாவில் எழுதப்பட்ட படியிலும் அவ்விடம் கிட்டும்.

இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987-88) பக்தாதில் இயற்றிய ‘கிதாபுல் ஃபிஹ்ரிஸ்த்’ அன்று அரபியில் வழங்கிய நூல்களின் பட்டியல். அந்நூலே தன் முகப்பில் தன்னிலுள்ள பத்து மகாலாக்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் வரிசைப்படுத்திவிட்டுத்தான் தொடங்குகின்றது. பட்டியல் நூலுக்கு ஒரு பட்டியல்! ஃபிஹ்ரிஸ்த் என்ற சொல் பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்தது. அன்று நூல்களின் அட்டவணையைக் குறித்த அச்சொல் இன்று ஒரு நூலின் பொருளடக்கத்தையும் குறிக்கின்றது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ முன்னுரையில் செய்திருப்பது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நூலை நான்கு கால்பகுதிகளாகவும், ஒவ்வொன்றையும் பத்துக் கிதாபுகளாகவும் வகுத்து, நாற்பதையும் பெயர் சொல்லி முன்னுரையிலேயே நிறுத்துகின்றார்கள். அவ்வாறு வகுத்ததற்கு அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று வியப்பளிப்பது. மாணாக்கர் ஃபிக்ஹு கலையை நாடிச் செல்வதைக் கண்டு, அக்கலை நூல்களின் நான்கு பகுப்பு வடிவத்தைத் தம் நூலுக்கும் அணிவித்ததாகக் கூறுகின்றார்கள். மன்னர்களை மருத்துவத்தின்பால் ஈர்க்க விரும்பிய ஒருவர் வானியல் அட்டவணை வடிவில் மருத்துவ நூல் எழுதி ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ எனப் பெயரிட்டதை அதற்கு முன்மாதிரியாகவும் எடுத்துக்காட்டுகின்றார்கள். நூலின் பகுப்பு முறையே வாசகரைக் கைபிடித்து உள்ளே அழைத்துவரும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

அச்சு வந்தது, ஒரே பதிப்பின் எல்லாப் படிகளிலும் பக்கங்கள் ஒத்துவந்தன, பக்க எண் ஆட்சிக்கு வந்தது. கெய்ரோ, பெய்ரூத் பதிப்புகள் பெரும்பாலும் ஃபிஹ்ரிஸ்தை நூலின் கடைசியில் வைத்தன. நூல் முழுவதும் அச்சுக் கோக்கப்பட்ட பின்னரே பக்க எண்கள் உறுதியாகும் என்பதால் அதுவும் ஒருவகையில் வசதியே.

ஆனால் பக்க எண்ணின் ஆட்சி ஒரு பதிப்பின் எல்லைக்குள் அடங்கியது. இதற்கு நல்ல சான்று வென்சிங்கும் பிற கீழ்த்திசை அறிஞர்களும் லைடன் நகரில் 1936 முதல் வெளிக்கொணர்ந்த ஹதீஸ் சொல்லடைவு. அதில் புகாரியின் ஹதீஸ்கள் கிதாபின் பெயராலும் பாபின் எண்ணாலும் சுட்டப்படுகின்றன. முஸ்னத் அஹ்மதோ பாபுகளாக அமைந்த நூல் அன்று. அது அறிவிப்பாளர்களான நபித்தோழர்களின் வரிசையில் அமைந்தது. சுட்டுவதற்குத் தலைப்புகள் இல்லாமையால் ஹிஜ்ரி 1313இல் கெய்ரோவின் மைமனிய்யா அச்சகம் ஆறு பாகங்களாக வெளியிட்ட பதிப்பின் பாகமும் பக்கமும் குறிக்கப்பட்டன. விளைவு என்னவாயிற்று? புகாரியை எந்தப் பதிப்பில் வேண்டுமானாலும் தேடலாம். முஸ்னதைத் தேட அந்தப் பழைய பதிப்பு வேண்டும். அல்லது பிற்காலப் பதிப்பாளர் மைமனிய்யா பக்க எண்ணைத் தம் பதிப்பின் ஓரத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். பெய்ரூத்தின் முஅஸ்ஸஸதுர் ரிஸாலா பதிப்பு அவ்வாறே செய்திருக்கின்றது. இந்த ஓர எண்களை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். மின்னூலில் மீண்டும் அவற்றைச் சந்திப்போம்.

இனி மின்னூலுக்கு வருவோம். அதன் பொருளடக்கத்தின் பிறப்பு அச்சகத்தில் நிகழவில்லை, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1930களில் இசைத்தட்டுகளிலும், பின்னர் ஒலிநாடாக்களிலும் நூல்கள் படித்துப் பதிவு செய்யப்பட்டன. கதை கேட்போருக்கு நாடா போதும். பாடநூல் பயிலும் மாணவருக்கு அது போதாது. ஏழாம் அத்தியாயத்தின் மூன்றாம் பிரிவை அடைய நாடாவை ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மீண்டும் ஓட்ட வேண்டும். பிளினியின் வாசகர் சுருளில் பட்ட பாட்டைப் பார்வையற்ற மாணவர் இருபதாம் நூற்றாண்டில் நாடாச் சுருளில் பட்டார். சுவீடனின் பேசும் நூல் நூலகம் 1990களில் இதற்குத் தீர்வு காண முனைந்தது. அம்முயற்சியின் வழியே 1996இல் டெய்சி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஒலிப்பதிவோடு தலைப்புகளின் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து, தலைப்புகளுக்கு ஆறு படிநிலைகள் வரை வகுத்து, ஒவ்வொரு தலைப்பையும் ஒலிப்பதிவில் அது தொடங்கும் கணத்தோடு இணைத்தார்கள். கேட்பவர் ஒரு விசையால் அத்தியாயம் விட்டு அத்தியாயமும், நிலையை மாற்றிப் பிரிவு விட்டுப் பிரிவும் தாவலாம். 2002இல் அமெரிக்கத் தேசியத் தரமாக வெளியான வடிவத்தில் இவ்வழிகாட்டிக் கோப்புக்கு என்.சி.எக்ஸ். என்று பெயர்.

1999இல் முதன்முதலாக வகுக்கப்பட்ட திறந்த மின்னூல் தரம் 2007இல் ஈபப் 2 என்னும் பெயரில் புதுவடிவம் பெற்றபோது, பொருளடக்கத்துக்காக இந்த என்.சி.எக்ஸ். கோப்பையே அப்படியே எடுத்துக்கொண்டது. கண்ணுள்ளோர் இன்று கைப்பேசியில் விரலால் தொட்டு அத்தியாயம் தாவுவது, கண்ணில்லாதோர்க்கென ஆக்கப்பட்ட கருவியின் கொடை. நம் மாணவருக்கு நாம் தந்த மின்னூலில் அந்தக் கருவியைத்தான் விட்டுவிட்டிருந்தோம்!

ஈபப் கோப்பின் உள்ளமைப்பு எளிதானது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய ஜிப் பொதியே அது. பெயரின் ஈற்றை ‘ஜிப்’ என மாற்றினால் எந்தக் கணினியிலும் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே நூலின் வாசகம் அத்தியாயம் அத்தியாயமாக, இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே எச்.டி.எம்.எல். மொழியில் இருக்கும். அவற்றோடு ஒரு நிர்வாகக் கோப்பும் இருக்கும். பொதியிலுள்ள கோப்புகள் எவை என்ற பட்டியலும், அவற்றை எந்த வரிசையில் படிப்பது என்ற வரிசையும் அதில் அடங்கும். இவ்வரிசைக்கு முதுகெலும்பு என்று பெயரிட்டிருக்கின்றார்கள். கருவி பக்கங்களைப் புரட்டுவது இம்முதுகெலும்பின்படியே. பொருளடக்கம் இதனின்று வேறானது. முதுகெலும்பு படிப்பதற்கான வரிசை, பொருளடக்கம் தேடுவதற்கான வரிசை. பத்துப் பாபுகள் ஒரே கோப்பில் இருந்தாலும் பொருளடக்கம் பத்தையும் தனித்தனியே காட்டலாம். முன்னட்டையும் காணிக்கையும் முதுகெலும்பில் இருந்தும் பொருளடக்கத்தில் இல்லாதிருக்கலாம்.

பொருளடக்கத்தின் ஒவ்வொரு பதிவிலும் இரண்டே செய்திகள் இன்றியமையாதவை. ஒன்று, வாசகருக்குக் காட்டும் தலைப்பு. மற்றொன்று, எந்தக் கோப்பில் எந்தப் பெயருள்ள இடம் என்னும் முகவரி. வாசகத்தினுள் அத்தலைப்பு நிற்கும் இடத்துக்கு முன்கூட்டியே ஒரு பெயர் சூட்டியிருப்பார்கள். முகவரி அப்பெயரை அழைக்கும். எழுத்தைப் பெரிதாக்கினாலும், சிறு திரையில் திறந்தாலும், பெயர் மாறாது. பதிவுக்குள் பதிவாக அடுக்கினால் கிதாபின் கீழ் பாபும் பாபின் கீழ் ஃபஸ்லும் அமையும். 2011இல் வந்த ஈபப் 3 என்.சி.எக்ஸ். கோப்புக்கு மாற்றாக, சாதாரண எச்.டி.எம்.எல். பட்டியல் வடிவிலேயே வழிகாட்டி ஆவணம் ஒன்றைக் கட்டாயமாக்கியது. பழைய கருவிகளுக்காக என்.சி.எக்ஸ். கோப்பையும் உடன் வைப்போர் உளர். வலமிருந்து இடமாகப் பக்கம் புரளும் திசையை நிர்வாகக் கோப்பில் குறிக்கும் வசதியும் அந்த 2011ஆம் ஆண்டுத் தரத்தில்தான் வந்தது. அதைக் குறிக்காது விட்டால் அரபு நூல் இடப்பக்கமிருந்து திறந்துகொள்ளும்.

ஈபப் 3இல் மற்றொரு பட்டியலுக்கும் இடமுண்டு. அச்சுப் பதிப்பின் ஒவ்வொரு பக்கமும் மின்னூலில் எங்கே தொடங்குகின்றது என்பதைக் குறிக்கும் பக்கப் பட்டியல் அது. முஸ்னதின் ஓரத்தில் அச்சிட்ட மைமனிய்யா எண்கள் செய்த பணியையே அது செய்கின்றது. 2005 முதல் அரபு மாணவர்களிடையே பரவிய ‘அல்மக்தபதுஷ் ஷாமிலா’ என்னும் கணினி நூலகத்தைப் பயன்படுத்தியோர், சில நூல்களின் பெயரோடு ‘அச்சுக்கு ஒத்தது’ என்ற குறிப்பைக் கண்டிருப்பர். அதுவும் இதே அக்கறைதான். ஷாமிலாவின் ஓரத்தில் கிளை கிளையாக விரியும் தலைப்பு மரமும் பொருளடக்கத்தின் ஒரு வடிவமே.

இவ்வளவு வசதிகளும் இருந்தும் நம் மொழிகளில் வரும் மின்னூல்கள் பலவற்றில் பொருளடக்கம் செயல்படுவதில்லை. நம் நூலில் நேர்ந்த பிழையையே சொல்கின்றோம். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, நடுவில் நிறுத்தி, பெரிதாக்கியிருந்தோம். கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கோ அது தடித்த எழுத்தில் அமைந்த மற்றொரு பத்தி. சொற்செயலியில் ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்னும் பாணிகளை இட்டிருந்தால் மென்பொருள் தானே திரட்டிப் பொருளடக்கக் கோப்பை ஆக்கியிருக்கும். நாம் கையால் தட்டச்சிட்ட ஃபிஹ்ரிஸ்த் வெறும் வாசகமாகவே நூலின் கடைசியில் கிடந்தது. கருவியின் பொருளடக்கப் பலகையைத் திறந்தவருக்கு அது வெறுமையாக இருந்தது.

தமிழுக்கே உரிய இன்னொரு பிழையும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட நூலை மின்னூலாக்குவோர், அவ்வெழுத்துருவையும் பொதிக்குள் வைத்துவிடுவதால் உள்ளே தமிழ் சரியாகத் தெரியும். பொருளடக்கப் பலகையைக் கருவி பெரும்பாலும் தன் சொந்த எழுத்துருவில் காட்டும். அங்கே தலைப்புகள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாக நிற்கும். நூலாசிரியர் உள்ளே பார்த்து மகிழ்ந்திருக்க, வாசகர் வாயிலிலேயே திகைத்து நிற்பார்.

இவை தொழில்நுட்பப் பிழைகள், திருத்திவிடலாம். தலைப்பை யார் இடுவது என்ற வினாவோ அறிவு சார்ந்தது. இமாம் புகாரியின் (ரஹ்) சட்டநுட்பம் அவர்களுடைய பாபுத் தலைப்புகளில் உறைந்திருக்கின்றது என்பது அறிஞர்களின் கருத்து. ஹதீஸைத் தலைப்பின் கீழ் வைக்கும்போதே அதிலிருந்து பெறப்படும் தீர்ப்பை அத்தலைப்பு உணர்த்திவிடுகின்றது. ஆகவே ஸஹீஹுல் புகாரியின் பொருளடக்கத்தை மட்டும் படிப்பவரும் ஒரு ஃபிக்ஹு நூலைப் படித்தவராகின்றார். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களோ ஹதீஸ்களைப் பாபு முறையில் தொகுத்தும், தலைப்பு இடவில்லை. இன்று அந்நூலில் நாம் காணும் தலைப்புகளில் பெரும்பாலானவை அதற்கு உரையெழுதிய இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) அவர்கள் இட்டவை. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பேரறிஞர் செய்த பணி அது. தலைப்பிடுவதை இன்று தட்டச்சாளரிடம் விட்டுவிடுகின்றோம். சில வேளைகளில் மென்பொருளிடமே விட்டுவிடுகின்றோம். எத்தனை படிநிலை வேண்டும் என்பதும் அறிஞர் தீர்மானிக்க வேண்டியதே. இஹ்யாவின் நாற்பது கிதாபுகளை மட்டும் காட்டினால் தேடுவோருக்குப் போதாது. அவற்றுள் வரும் ஒவ்வொரு ‘பயானையும்’ ஒரே தளத்தில் காட்டினால் பட்டியலே தனி நூலாகிவிடும். மூடியும் திறந்தும் பார்க்கத்தக்க அடுக்கே அதற்குப் பொருந்தும் என்பது நம் கருத்து.

இலக்கண மின்னூலைத் திருத்தியபின், மாணவர் சிலரோடு அரபுத்தமிழ் ஃபிக்ஹு நூல் ஒன்றை எடுத்துக்கொண்டோம். கல்லச்சில் வந்த பழைய நூல். அதன் பக்கங்களை யாரோ ஒரு நல்லவர் படம்பிடித்துப் பி.டி.எஃப். கோப்பாக்கியிருந்தார். படமாகையால் உள்ளே தேட இயலாது. தலைப்பு என ஒன்றையும் மென்பொருள் காணாது. பக்கத்தின் அடியில் தஃகீபாச் சொற்கள் மட்டும் அழியாது நிற்கின்றன. பி.டி.எஃபில் பக்கம் நிலையானது என்பதால், படத்தின் மீதே பொருளடக்கக் குறிகளை ஒவ்வொன்றாக இணைக்கலாம். ஆனால் அதற்கு ஒருவர் அமர்ந்து, அவ்வெழுத்தைப் படித்து, தலைப்பு எங்கே தொடங்குகின்றது என்று சொல்ல வேண்டும். அரபுத்தமிழைத் தடங்கலின்றிப் படிக்கும் மூதாட்டி ஒருவர் நம் ஊரில் இருக்கின்றார். இளமையில் இந்நூலையே பாடமாக ஓதியவர். அவர் படிக்க, மாணவர்கள் தலைப்புகளைத் தமிழ் எழுத்தில் தட்டச்சிடுகின்றார்கள். அரபு எழுத்திலேயே விட்டால் திரைவாசிப்பான் தமிழ்ச் சொற்களை அரபுச் சொற்களாக எண்ணி உருக்குலைத்து ஒலிக்கின்றது. அம்மூதாட்டியின் வயதை நினைந்து வாரத்தில் மூன்று நாள் சென்றுவந்தோம்.

பணி முடிந்த பகுதியைப் பார்வையற்ற அம்மாணவரிடம் கொடுத்தோம். காதில் கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு பாபாகத் தாவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, “ஹஜ்ரத், இங்கே ‘தலைப்பு சிதைந்துள்ளது’ என்று கேட்கிறதே” என்றார். ஆம், அந்தப் பக்கத்தின் மேலோரத்தைப் பூச்சி அரித்திருந்தது. அந்தப் பாபை முழுவதும் வாசித்துக் காட்டும்படி கேட்டுவிட்டு, நம் எதிரே அமர்ந்துகொண்டார்.